நான்கு வயதில் அகஸ்டஸ்

கி.பி. 385 வாக்கில் மிலான் நகரத்தில் பேச்சுக்கலை வாத்தியார் ஒருவர் பேரரசரைப் புகழ்ந்து ஓர் உரை தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் ஏகப்பட்ட பொய் சொல்லப்போகிறோம், பொய் என்று தெரிந்தவர்களே அதற்குக் கைதட்டப்போகிறார்கள் என்ற உறுத்தலோடு தெருவில் நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரனைப் பார்த்தாராம். இவனுக்கு இருக்கிற நிம்மதி நமக்கு இல்லையே என்று நொந்துபோனதை அவரே பின்னால் எழுதிவைத்தார். வாத்தியார் பெயர் அகுஸ்தீன். ஆமாம், புனித அகுஸ்தீனேதான்.

இந்த இடத்தைப் படிக்கிற எல்லோரும் அகுஸ்தீனின் மனசாட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தப் பொய்களைக் கேட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார வேண்டியிருந்த பேரரசர் மேல்தான் கண். அவருக்கு அப்போது 13, 14 வயது. பட்டத்துக்கு வந்து ஒன்பது பத்து வருஷம் ஆகியிருந்தது.

இரண்டாம் வாலெண்டினியன். ரோமானிய வரலாற்றில் இவனுக்கு ஒதுக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பத்தி: பலவீனமான பேரரசன், அம்மா பேச்சைக் கேட்டவன், கடைசியில் தூக்கில் தொங்கியவன். இந்த ஒரு பத்தித் தீர்ப்பு அநியாயம் என்பது என் கட்சி. இவனைக் கெடுத்தவர்கள் பட்டியலில் வழக்கமாக வராத ஒருவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பா முதலாம் வாலெண்டினியன் பெரிய முன்கோபி. 375 நவம்பர் 17 அன்று, இன்றைய ஹங்கேரியில் இருந்த பிரிகெட்டியோ முகாமில், குவாடி இனத் தூதர்கள் சொன்ன சாக்குப்போக்கைக் கேட்டு ஆத்திரத்தில் கத்தி, அந்த ஆவேசத்திலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனார். ஆள ஆள் இல்லாமல் இல்லை. மூத்த தாரத்து மகன் கிரேஷியனுக்கு 16 வயது. அவனுக்கே எட்டு வயதில் அகஸ்டஸ், அதாவது முழுப் பேரரசர், பட்டம் கட்டியிருந்தார்கள். சித்தப்பா வேலன்ஸ் கிழக்கே ஆண்டுகொண்டிருந்தார். ஆனால் ஒருவர் ட்ரியரில், ஒருவர் அந்தியோக்கியாவில். டான்யூப் கரையில் இருந்த படைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. படை தானாக யாரையாவது தூக்கி நிறுத்திவிடும் என்று தளபதிகளுக்குப் பயம். மெரொபாவ்டஸ் என்ற தளபதி முதல் வேலையாக, வீரர்களிடம் செல்வாக்கோடு இருந்த செபாஸ்டியானஸைத் தூரமாக ஓரிடத்துக்கு அனுப்பிவைத்தார். அடுத்து, 100 மைல் தள்ளி ஒரு பண்ணை வீட்டில் தாய் ஜஸ்டினாவோடு இருந்த நான்கு வயதுக் குழந்தையைத் தாய்மாமன் செரியாலிஸ் பல்லக்கில் வைத்துக் கூட்டிவந்தார். தகப்பன் இறந்த ஆறாம் நாள் குழந்தை பேரரசர். மறு வருஷமே கான்சல் என்ற உயர்ந்த கௌரவப் பதவியும்.

அண்ணன்காரனைக் கேட்காமலேயே நடந்தது இது. கிரேஷியன் ஏற்றுக்கொண்டான், தம்பியை நன்றாகவே வைத்துக்கொண்டான். இந்தக் கதையில் நான் குறை சொல்ல முடியாத ஒரே பெரிய மனிதன் அவன்தான். அவனுமே சின்னப் பையன் என்பது வேறு விஷயம்.

இணைப் பேரரசன் என்றால் என்ன வேலை? பெயர் தருவது. சட்டங்கள் ஆளும் பேரரசர்கள் எல்லோரின் பெயரிலும் வெளியாகும். கிறிஸ்து தந்தையாம் கடவுளுக்குச் சமம் என்னும் நைசியக் கிறிஸ்தவமே பேரரசின் சமயம் என்று அறிவித்த 380-ஆம் ஆண்டின் தெசலோனிக்கா ஆணை, வேலன்ஸுக்குப் பின் கிழக்கை ஆண்ட தியோடோசியஸ் போட்டது என்று படிக்கிறோம். அதன் தலைப்பில் கிரேஷியன், வாலெண்டினியன், தியோடோசியஸ் என்று மூன்று பெயர் இருக்கிறது. நடுவில் இருக்கிறவனுக்கு எட்டு ஒன்பது வயது. ஆறே வருஷம் கழித்து, 386 ஜனவரியில், அந்தச் சமத்துவத்தை மறுத்ததால் அந்த ஆணை ஒதுக்கிவைத்த ஆரியுஸ் கட்சிக்காரர்கள் கூடி வழிபடலாம், தடுப்பவனுக்கு மரண தண்டனை என்று மிலானிலிருந்து ஒரு சட்டம். அதிலும் இவன் பெயர். ரப்பர் ஸ்டாம்புக்குக் கொள்கை கிடையாது அல்லவா. அந்தச் சட்டத்தை எழுத மாட்டேன் என்று பெனெவோலஸ் என்ற அதிகாரி பதவியை உதறிவிட்டுப் போனார். பேரரசனால் அப்படிப் போக முடியாது.

(இடையில் ஒன்று. 4-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த ரோமானியச் செப்புக் காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கரூர், மதுரைப் பக்கமும் உண்டு. அரண்மனை வாசலிலேயே செல்லாத அதிகாரத்தின் காலத்துக் காசு, இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்திருக்கிறது.)

383-இல் கிரேஷியனை லியோன் நகரில் கொன்றார்கள். தன்னையே பேரரசன் என்று சொல்லிக்கொண்டு பிரிட்டனிலிருந்து படையோடு கிளம்பி வந்த தளபதி மேக்ஸிமஸ் ட்ரியரில் உட்கார்ந்துகொண்டு, தம்பி என்னிடம் வரட்டும், மகன் அப்பாவிடம் வருவது போல, என்று சொல்லி அனுப்பினான். அண்ணனைக் கொன்றவன் அப்பா ஆகிறேன் என்கிறான். அப்போது தூது போய் இழுத்தடித்துக் காப்பாற்றியவர் மிலான் ஆயர் அம்புரோஸ். கடுங்குளிரில் ஒரு விதவையும் பிள்ளையும் ஆல்ப்ஸ் மலையைக் கடக்க முடியுமா என்று கேட்டார். நல்ல மனிதர், துணிச்சல்காரர், சந்தேகமே இல்லை.

ஆனால் அதே அம்புரோஸ் அடுத்த வருஷம் இந்தப் பையனுக்கு எழுதிய கடிதம் என்னை உறுத்துகிறது. ரோம் செனட் மண்டபத்திலிருந்து கிரேஷியன் அகற்றிய வெற்றித் தேவதையின் பலிபீடத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி, நகரத் தலைவர் சிம்மாக்கஸ் அழகான ஒரு மனு போட்டார். அதை ஏற்கக் கூடாது என்று அம்புரோஸ் எழுதினார். ஏற்றால் நீ தேவாலயத்துக்கு வரலாம், அங்கே குரு இருக்க மாட்டார், இருந்தாலும் உன்னை எதிர்த்து நிற்பார் என்றார். அதோடு விடவில்லை. இறந்த அண்ணனும் இறந்த தகப்பனும் உன்னைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று இருவர் வாயிலும் வசனம் வைத்து எழுதினார். அண்ணன் செத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பையனுக்கு 13 வயது. மனுவின் வாதத்துக்குப் பதில் சொல்லலாம், இது வேறு.

பிறகு பேராலய விவகாரம். ஜஸ்டினா ஆரியுஸ் கட்சி, தன் கட்சிக்காரர்களுக்கு ஒரு கோயிலாவது வேண்டும் என்றாள். அம்புரோஸ் தர மறுத்தார். படை சூழ்ந்தது, உள்ளே ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தார்கள். அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பேரரசன் திருச்சபைக்கு உள்ளே இருப்பவன், மேலே இருப்பவன் அல்ல என்ற புகழ்பெற்ற வாக்கியம் அப்போது வந்ததுதான். விட்டுக்கொடுங்கள் என்று அதிகாரிகளே பேரரசனிடம் வந்து கேட்டபோது அவன் சொன்ன பதிலை அம்புரோஸ் எழுதிய கடிதமே பதிவு செய்திருக்கிறது. அம்புரோஸ் உத்தரவு போட்டால் என்னைக் கட்டியே அவரிடம் ஒப்படைத்துவிடுவீர்கள் என்றானாம். இவன் வாயிலிருந்து வந்ததாக மிஞ்சியிருக்கும் சில வார்த்தைகளில் இது ஒன்று. இதைச் சொன்னவனை மக்கு என்று எப்படிச் சொல்வது? தன் நிலைமை அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

387-இல் மேக்ஸிமஸ் ஆல்ப்ஸைத் தாண்டினான். தாய், சகோதரிகளோடு வாலெண்டினியன் கப்பலேறி தெசலோனிக்காவுக்கு ஓட்டம். தாரமிழந்திருந்த தியோடோசியஸ் இவன் சகோதரி கல்லாவை மணந்துகொண்டு, 388-இல் படையெடுத்து மேக்ஸிமஸை ஒழித்தார். அந்தச் சமயத்திலேயே ஜஸ்டினா இறந்துபோனாள்.

என் பட்டியலில் சேர வேண்டிய பெயர் தியோடோசியஸ். ஐயா, அவர்தானே காப்பாற்றினார் என்பீர்கள். அதுவரை மேக்ஸிமஸை இணைப் பேரரசனாக அங்கீகரித்து வைத்திருந்தவரும் அவர்தான். கிழக்கே அவருக்கு இருந்த நெருக்கடியில் அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். வென்ற பிறகு என்ன செய்தார்? மிலானில் தாமே 391 வரை தங்கினார். 389-இல் ரோம் நகருக்கு வெற்றி விழாவுக்குப் போனபோது தம் மகன் ஹொனோரியஸைக் கூட்டிப்போய்க் காட்டினார், வயது நான்கு. மேற்கின் சட்டப்படியான பேரரசனை, மைத்துனனை, இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த காலியாவுக்கு அனுப்பினார், ஆர்போகாஸ்ட் என்ற தளபதியின் பொறுப்பில். 17 வயதுப் பையனுக்கு அப்போதாவது ஆளக் கற்றுக்கொடுத்திருக்கலாம். தியோடோசியஸுக்குத் தம் பிள்ளைகள் இருவர் இருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

காலியாவின் வியென் நகர அரண்மனையில் அவன் ஏறக்குறைய கைதி. படைப் பொறுப்புகள் தளபதியின் இனத்தவரான பிராங்கியர்களிடம், சிவில் பதவிகளும் அவர் ஆட்களிடம். பேரரசன் சொன்னதைச் செய்ய ஒருவருக்கும் துணிவில்லை என்று பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஒருநாள் சிம்மாசனத்தில் இருந்தபடி ஆர்போகாஸ்டின் கையில் பதவிநீக்கக் கடிதத்தைக் கொடுத்தான். அவர் படித்தார், இந்தப் பதவியை நீ கொடுக்கவில்லை, நீ எடுக்கவும் முடியாது என்று கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். சோசிமஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் சொல்லும் கதை இது.

பலவீனம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நான்கு வயதிலிருந்து பேரரசன் என்று அழைக்கப்பட்டவன், அந்தப் பதவி உண்மையா என்று முதல்முறையாகத் தட்டிப் பார்த்த நாள் அது என்று நான் சொல்வேன். எதிரில் இருந்தவர் யார் என்று தெரிந்தே நீட்டிய கடிதம்.

392 மே 15. தூக்கில் தொங்கிய நிலையில் கண்டார்கள். 20 வயது. ஆர்போகாஸ்ட் கொன்றார் என்று அந்தக் காலத்திலேயே பலர் எழுதினார்கள், தற்கொலை என்பவர்களும் உண்டு. இந்தத் துப்பறியும் வேலையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஞானஸ்நானம் பெற அம்புரோஸை வரச்சொல்லி அவன் காத்திருந்தான். அவர் புறப்பட்டு வழியில் இருக்கும்போதே செய்தி வந்தது. மிலானில் நடந்த அடக்கத்தில் அவர் பேசிய உரையில் சில துண்டுகள் மனதைப் பிசைகின்றன. பேரரசன் தேர்ப்பந்தயப் பிரியன் என்று ஜனங்கள் பேசினார்களாம், பந்தயத்தையே நிறுத்தினான். மிருகங்களை வேட்டையாடியே பொழுதைப் போக்குகிறான் என்றார்களாம், வைத்திருந்த மிருகங்களை எல்லாம் ஒரே நேரத்தில் கொல்லச் சொன்னான். சீக்கிரமே சாப்பிட உட்காருகிறான் என்றார்களாம், உபவாசம் இருக்க ஆரம்பித்தான். அம்புரோஸ் இதைப் புண்ணியமாகச் சொல்கிறார். எனக்கு இதில் தெரிவது, யார் என்ன குறை சொன்னாலும் உடனே தன்னை வெட்டித் திருத்திக்கொள்ளப் பழகிய ஒரு பிள்ளை.

தியோடோசியஸ் மறு ஜனவரியில் ஹொனோரியஸுக்கு அகஸ்டஸ் பட்டம் கட்டினார். எட்டு வயது. கல்லாவுக்கும் தியோடோசியஸுக்கும் பிறந்த கல்லா பிளாசிடியா பின்னாளில் தன் மகனுக்கு வாலெண்டினியன் என்றே பெயர் வைத்தாள். 425-இல் அவனைப் பேரரசனாக்கினார்கள், ஆறு வயதில்.