பூட்டும் அவனிடம், சாவியும் அவனிடம்

"அண்ணா, கோடு எழுதித் தர்ற இந்த ஏஐ ஒவ்வொரு கமாண்டுக்கும் 'ஓட்டட்டுமா, ஓட்டட்டுமா'ன்னு கேட்டு உயிரை வாங்குது" என்று டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் புலம்பினான். கேட்கட்டும்டா என்றேன். கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சிவிஇ-2025-53773 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டை ஒன்று போதும்.

விஎஸ் கோடு என்ற கோடு எழுதும் எடிட்டரில் இருக்கும் ஏஐ உதவியாள் கிட்ஹப் கோபைலட், டெர்மினலில் எதையாவது ஓட்டுவதற்கு முன் நம்மிடம் கேட்கும். ஆனால் 2025-இல் அந்த ஓட்டையை அடைக்கும் வரை, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை எழுதக் கேட்டதில்லை. எழுதியது நேராக டிஸ்கில் போய் உட்கார்ந்துவிட்டது, நாம் பார்த்துச் சரி சொன்னதெல்லாம் அப்புறம். அதே ஃபோல்டருக்குள்தான் டாட் விஎஸ்கோட் என்ற உள் ஃபோல்டர், அதற்குள் செட்டிங்ஸ் ஃபைல். அதில் 'சாட் டூல்ஸ் ஆட்டோஅப்ரூவ்: ட்ரூ' என்று ஒரு வரி விழுந்தாலே போதுமாக இருந்தது, பிறகு எதற்கும் கேள்வி இல்லை.

அந்த வரியைக் கோபைலட்டையே எழுத வைக்கலாம் என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் யோஹான் ரெபர்கர் 2025-இல் செய்து காட்டினார். எவனோ எழுதிய கோடில் ஒரு கமெண்ட், அதாவது ஓடாத குறிப்பு வரி. நீங்கள் "இதை விளக்கு" என்கிறீர்கள். அது கமெண்டைப் படித்து, உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொள்கிறது. அதே வருடம் ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது.

கர்சர் என்ற இன்னொரு ஏஐ எடிட்டரில் வந்த சிவிஇ-2025-54135 இன்னும் வேடிக்கை. டாட் ஃபைல் (புள்ளியில் பெயர் தொடங்கும் செட்டிங்ஸ் ஃபைல்) ஏற்கெனவே இருந்தால், திருத்த அனுமதி கேட்டது. இல்லாவிட்டால் கேட்காமலே புதிதாக உருவாக்கியது! ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி செட்டிங்ஸ் ஃபைல் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டமானது. 1.3 வெர்ஷன் வரிசையில்தான் அடைத்தார்கள்.

இதற்கெல்லாம் "மாடல் ஏமாந்துவிட்டது" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மாடல் ஏமாறத்தான் செய்யும். படிக்கிற எழுத்தில் எது தகவல், எது கட்டளை என்று அதற்கு உறுதியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதன் அனுமதி ஃபைலை அதன் கைக்கே எட்ட விட்டதுதான் தப்பு. லினக்ஸில் யாருக்கு சூடோ (அட்மின் அதிகாரம்) உண்டு என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலில் சாதாரண யூசர் கை வைக்க முடியுமா? இத்தனை வருடமாக நமக்குத் தெரிந்த பாடம்தானே இது! ஏஐ என்றதும் எல்லாருக்கும் மறந்துவிட்டது, அவசரம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சந்தேகத்துக்கு அந்தப் பையனின் சொந்த லேப்டாப்பில் செட்டிங்ஸைத் திறந்தோம். ஆட்டோஅப்ரூவ் ட்ரூ. வேறு யாரும் போடவில்லை, போன வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் அவசரத்தில் அவனே போட்டதாம். அப்புறம் எதற்குடா புலம்பினாய் என்றால், கேள்வி கேட்டு உயிரை வாங்குவது ஆபீஸ் மெஷினாம்.