மீளமை

விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன் என்று யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாமே, எப்படி நம்புறது?" முன்பெல்லாம் நீளமாக விளக்குவேன். இப்போது ஒரு கட்டுரையைத் திறந்து மேலே இருக்கும் 'வரலாறு' தாவலைக் காட்டுவதோடு சரி. எந்தப் பயனர், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் காற்புள்ளியை எடுத்தார் என்பது வரை அதில் கிடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் 'மீளமை' என்று ஒரு குட்டி இணைப்பு. அமுக்கிச் சேமித்தால் அந்த மாற்றம் போய்விடும், பழையது வந்துவிடும்.

மொத்தக் களஞ்சியமும் அந்த ஒரு இணைப்பின் மேல்தான் நிற்கிறது என்பது என் கட்சி. அதைக் கெடுப்பதும் அதே இணைப்புதான் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

விக்கிப்பீடியாவுக்கு முன்னால் 2000-இல் நுபீடியா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும்தான் அதிலும். துறை வல்லுநர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வெளியாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் ஆண்டில் முழுதாகத் தேறிய கட்டுரைகள் இருபது சொச்சம். 2001 ஜனவரி 15 அன்று அதற்குத் துணையாக, கதவைத் திறந்து போட்டு, விக்கிப்பீடியாவை ஆரம்பித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். நுபீடியா 2003-இல் மூடப்பட்டது. தப்பு வராமல் தடுப்பதற்குப் பதிலாக, வந்த தப்பை உடனே எடுக்க வழி செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவன் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு கட்டுரையில் கெட்ட வார்த்தைகளை நிரப்புவான், அதை எடுக்க எனக்கு இரண்டு நொடி போதும். சுவரைக் கிறுக்குவதைவிடத் துடைப்பது சுலபமாக இருந்தால் கிறுக்குகிறவனுக்குச் சீக்கிரமே அலுத்துவிடும். ஆங்கில விக்கியில் 2010-இலிருந்து 'க்ளூபாட் என்ஜி' என்ற தானியங்கி நிரல் இந்த வேலையைச் செய்கிறது, அப்பட்டமான விசமத் தொகுப்புகளை (ஒருவர் செய்யும் மாற்றத்துக்குத்தான் 'தொகுப்பு' என்று பெயர்) நாம் பார்ப்பதற்கு முன்பே தூக்கிவிடும்.

ஆனால் பார்க்க ஓர் ஆள் இருந்தால்தானே மீளமைக்க முடியும்? 2005-இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலைகளிலும் அவருக்குத் தொடர்பு உண்டு என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக ஒருவர் விளையாட்டுக்கு எழுதி வைத்தார். மனிதர் ராபர்ட் கென்னடியிடமே உதவியாளராக இருந்தவர். நான்கு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது, காரணம் அந்தப் பக்கம் யாருடைய கவனிப்புப் பட்டியலிலும் (மாற்றம் வந்தால் தெரிவதற்காக ஒரு பயனர் குறித்து வைத்துக்கொள்ளும் பக்கங்கள்) இல்லை, அல்லது பட்டியலில் வைத்திருந்தவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் கணக்கு இல்லாதவர்கள் அங்கே புதுக் கட்டுரை தொடங்க முடியாதபடி செய்தார்கள். என்னைக் கேட்டால் களஞ்சியத்தின் உண்மையான சொத்து கட்டுரைகளைவிடக் கவனிப்புப் பட்டியல்கள்தான். இரவு பதினொரு மணிக்கு, யாரும் கேட்காமலே, பாசிகளைப் பற்றிய ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. கட்டுரையின் அடியில் அவர்கள் பெயரும் வராது.

சரி, இப்போது கசப்பான பகுதி.

யார் எதை மாற்றினாலும் உடனே வரிசையாகக் காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தால் உங்கள் கண் மாறிவிடும். சிவப்பு எழுத்தில் புதுப் பயனர் பெயர் தெரிந்தாலே விரல் மீளமைக்குப் போகும். அவர் நல்ல எண்ணத்தோடு வந்தாரா, மேற்கோள் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் விட்டாரா, எதையும் யோசிப்பதில்லை. 'மேற்கோள் இல்லை', 'நடுநிலை இல்லை', ஒரு வார்ப்புரு, அதாவது முன்பே எழுதி வைத்த அறிவிப்பு, ஒரு கொள்கைப் பக்கத்துக்கு இணைப்பு. முடிந்தது. வந்தவர் அரை மணி நேரம் செலவழித்து எழுதிய பத்தி அது. ஆங்கில விக்கியில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. 2013-இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது: நல்லெண்ணத்தோடு வரும் புதியவர்களின் தொகுப்புகளை நிராகரிப்பதும், பேசுவதற்குப் பதிலாகக் கருவிகள் எச்சரிக்கை விடுவதும். விசமிகளுக்கு எதிராகச் செய்த துடைப்பம் விருந்தாளிகளையும் சேர்த்துக் கூட்டிவிட்டது.

விதிகள் இல்லாமல் இல்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று ஆங்கில விக்கியில் விதி உண்டு, மீறினால் தடை விழலாம். இருவர் மாறி மாறி மீளமைத்துக்கொள்ளும் தொகுத்தல் போரை அது நிறுத்தும், சரி. முதல் மீளமைப்பிலேயே மனம் ஒடிந்து போகிறவருக்கு அதனால் என்ன பயன்? அவர் இரண்டாம் முறை வரவே மாட்டாரே.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நானும் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்து பற்றிய கட்டுரையிலிருந்து ஒரு முழுப் பத்தியை யாரோ கணக்கில்லாமல், வெறும் ஐ.பி. முகவரியிலிருந்து நீக்கினார். ஏன் மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கம் காலி. மீளமைத்தேன். மறுபடி நீக்கினார். மீளமைத்து, எச்சரிக்கை வார்ப்புருவும் போட்டேன், கொஞ்சம் கெத்தாகவே. மூன்றாம் முறை நீக்கியபோது உரையாடல் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தார், எழுத்துப்பிழையோடு: "அளவு தப்பு, யாராவது படிச்சு சாப்பிட்டா?"

அப்போதும் உடனே நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மேற்கோளில் இருந்த மூலத்தைத் திறந்தேன். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது, பத்து மடங்கு. அதை நான் இரண்டு முறை, என் பெயரில், திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வரலாறு தாவலில் இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்றிலிருந்து மீளமைப்பதற்கு முன் சுருக்கத்தில் ஒரு முழு வாக்கியம் கையால் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தால்தான், அட, இவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று தோன்றவே தோன்றுகிறது. வேகம் பாதியாகிவிட்டது. ஆகட்டும்.

அந்த ஐ.பி. எண்ணின் உரையாடல் பக்கத்தில் நான் போட்ட எச்சரிக்கையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மன்னிப்பும் நன்றியும் எழுதினேன். பதில் வரவில்லை. ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அடுத்து அந்த எண் கிடைத்த யாரோ ஒருவர், தான் எப்போது என்ன நல்லது செய்தோம் என்று குழம்பியிருப்பார்.