வளித்தடையைப் புறக்கணிக்குக

முப்பத்தொரு வருசமா ஏ.எல். பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிச்சனான். எறிய இயக்கக் கணக்கு வந்தால் கேள்வியின்ர கடைசி வரி அநேகமா இதாத்தான் இருக்கும்: "வளித்தடையைப் புறக்கணிக்குக." கோண்டாவில் கொட்டிலுக்குள்ள நிண்டு அதை எத்தனை தரம் கரும்பலகையில எழுதியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. போன ஒக்ரோபர் மாதம் எட்மன்ரனில இருக்கிற மருமகன், தங்கச்சியின்ர மூத்தவன், கடை மேசையில ரெண்டு தோட்டாப் பெட்டியை வச்சுப் படம் எடுத்து அனுப்பினான்.

"மாமா, ரெண்டும் என்ர .308 துவக்குக்குத்தான். ஒண்டில 2820 எண்டு போட்டிருக்கு, மற்றதில 2600. வேகம் கூடினதுதானே தூரத்துக்கு நல்லம்? விலையும் அரைவாசி."

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். "மாஸ்ரர், உங்களுக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம்" எண்டு இன்பொக்சில கேக்க ஆக்கள் இருக்கினம். ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கட ஊரில வெடிச்சத்தம் எண்டால் எனக்கும் உங்களுக்கும் ஞாபகம் வாறது வேற. இஞ்ச மான், மரை வேட்டைக்குச் சட்டத்தில இடமும் இல்லை, வனசீவராசிகள் கட்டளைச்சட்டம் 1937ஆம் ஆண்டே வந்திட்டுது. இவன் இருக்கிற அல்பேட்டாவில நிலைமை வேற. பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதினை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து, சீசனுக்கு இத்தனை மான்தான் எண்டு அனுமதியும் வாங்கித்தான் காட்டுக்குப் போகலாம். இறைச்சி வருசம் முழுக்க டீப் பிறீசரில கிடக்கும். அவன் செய்யிறது சரியோ பிழையோ எண்டு நான் இதில கதைக்கேல்லை. சுடுறதெண்டால் ஒழுங்காச் சுடவேணும், அவ்வளவுதான் என்ர கதை.

இப்ப அவன்ர கேள்விக்கு வருவம். வேகம் எண்டு பெட்டியில போட்டிருக்கிறது குழல்வாயில சன்னம் வெளிக்கிடேக்க இருக்கிற வேகம், ஒரு செக்கனுக்கு இத்தனை அடி எண்ட கணக்கு. (தோட்டா எண்டு நான் சொல்லுறது கோது, மருந்து, கேப்பு எல்லாம் சேர்ந்த முழுசை. முன்னால பறந்து போறது சன்னம்.) மானுக்கு அந்த வேகத்தால ஒரு அலுவலும் இல்லை. மான் நிக்கிறது அங்கால. அங்க போய்ச் சேரேக்க என்ன மிச்சம் இருக்கு எண்டதுதான் கேள்வி.

2820 பெட்டியில இருந்தது 150 கிறெயின் மென்முனைச் சன்னம். கட்டை, மொட்டை. 2600 பெட்டியில இருந்தது 178 கிறெயின், ஏறத்தாழ 11.5 கிராம். நீளம், கூர், பின்பக்கம் படகு மாதிரி ஒடுங்கினது. காத்தைக் கிழிச்சுக்கொண்டு போறதில எது கெட்டி எண்டு காட்ட ஒரு எண் இருக்கு, பி.சி. எண்டு சொல்லுவினம், எண் கூடினால் திறம். முதலாவதுக்கு அது 0.31 அளவில, ரெண்டாவதுக்கு 0.55 அளவில. கொம்பனியள் தாற அட்டவணையளைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தன். 100 யாரில (ஒரு யார் மூண்டு அடி) கட்டைச் சன்னம் 2533, நீளச் சன்னம் 2457. இன்னும் கட்டைதான் முன்னுக்கு. 200 யாரில கட்டை 2263, நீளம் 2318. பந்தயம் அங்கயே முடிஞ்சுது. 500 யாரில கட்டை 1560க்கு இறங்கிட்டுது, நீளம் 1930இல நிக்குது. குழல்வாயில 220 அடி பின்னுக்கு நிண்டது, 500இல 370 அடி முன்னுக்கு. வளித்தடையைப் புறக்கணிக்கச் சொல்லி இவ்வளவு காலமும் படிப்பிச்ச எனக்கு இதைப் பாக்க வெக்கமாக் கிடந்துது.

காத்துக் கணக்கு இன்னும் மோசம். மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில பக்கத்தால காத்தடிக்குது எண்டு வைப்பம், எங்கட பண்ணைப் பாலத்தில சாதாரணமா வீசுற காத்து. 500 யாரில நீளச் சன்னத்தை அது 42 சென்ரிமீற்றர் அளவில தள்ளும். கட்டைச் சன்னத்தை 82. மானின்ர நெஞ்சறையில இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் குறுக்க 20, 25 சென்ரிமீற்றர்தான். நல்ல சன்னமே அதுக்கு வெளியால போகுது, காத்தைச் சரியாக் கணிச்சுத் திருத்தாட்டில். அந்த வெட்டவெளியில காத்தை ஆர் கணிக்கிறது? சுடுறவன் நிக்கிற இடத்தில ஒரு காத்து, நடுப்பள்ளத்தில இன்னொரு காத்து. 16 எண்டு நினைச்சது உண்மையில 8 எண்டால் நல்ல சன்னமும் ஒரு சாண் அளவுக்குத் தள்ளிப் போய் வயித்தில படும்.

வயித்தில படுறது எண்டால் என்ன எண்டு வேட்டைக்குப் போனவைக்குச் சொல்லத் தேவையில்லை. மான் உடன விழாது, ஓடிப்போய்த் துடிச்சுத்தான் சாகும்.

போன வருசம் இவனுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். மலிவு விலையில ஒரு பெட்டி. 400 யாருக்குக் கிட்டத் தூரம். நெஞ்சிலதான் பட்டது எண்டு சத்தியம் பண்ணுறான். மான் விழேல்லை, ஓடிட்டுது. பனிக்குள்ள ரெண்டு மணித்தியாலம் இரத்தத்தைப் பாத்துப் பாத்துப் போய்த்தான் எடுத்தவன். உரிச்சுப் பாத்தால் போன ஓட்டையும் வந்த ஓட்டையும் ஒரே அளவு, பென்சிலால குத்தின மாதிரி. சன்னம் விரியவே இல்லை.

இதைத்தான் கடையில ஒருத்தரும் சொல்லமாட்டினம். வேட்டைச் சன்னம் உள்ளுக்குப் போய் விரியிறதுக்கு ஒரு குறைஞ்ச வேகம் வேணும். சாதாரண மென்முனைச் சன்னத்துக்கு 1800 எண்டு வச்சுக்கொள்ளுறது பாதுகாப்பு. முழுக்கச் செம்பில செய்தது இன்னும் வேகத்தோட போய்ச் சேர்ந்தால்தான் வடிவா விரியும். நீளமா வாற, ஹோர்ணடி கொம்பனியின்ர ஈ.எல்.டி.-எக்ஸ் மாதிரியான சன்னத்துக்கு 1600 காணும். அதின்ர நுனி பிளாஸ்ரிக். பழைய பிளாஸ்ரிக் நுனியள் பறக்கேக்க காத்து உராய்ஞ்ச சூட்டில உருகுது எண்டு, பறக்கிற சன்னத்தின்ர வேகத்தை அளக்கிற டொப்ளர் ராடரில கண்டுபிடிச்சுத்தான் சூடு தாங்குற நுனியைப் போட்டவை. (இதை முந்தியே அறிஞ்சிருந்தால் உராய்வு பாடத்துக்கு நல்ல உதாரணமாப் போட்டிருப்பன்.) ஆக, என்ர எண்ணம் இதுதான்: பெட்டியை வாங்க முதல், உன்ர சன்னம் எந்த வேகத்துக்குக் கீழ விரியாது எண்டு பார். அந்த வேகத்துக்கு எத்தினை யாரில இறங்குது எண்டு அட்டவணையில பார். அதுதான் சன்னத்தின்ர எல்லை. உன்ர எல்லை அதுக்கு எவ்வளவோ முன்னால வந்திடும், அது வேற கதை.

ஜோன் நொஸ்லர் எண்ட அமெரிக்கர் 1946இல கனடாவின்ர பிரிட்டிஷ் கொலம்பியாவில மூஸ் எண்ட பெரிய மான் வேட்டைக்குப் போனார். உடம்பெல்லாம் சேறு காய்ஞ்ச மூஸ், கிட்ட நிண்டு சுட்டும் சன்னம் ஆழமாய்ப் போகாமல் மேலயே உடைஞ்சுபோச்சு. வேகம் காணாமல் இல்லை, அவருக்கு வேகம் கூடிப்போச்சு. நடுவில தடுப்புச் சுவர் வச்ச பார்ட்டிசன் சன்னம் அதாலதான் வந்தது, 1948இல விக்கத் துவங்கினவர். 50 யாரிலயும் 500 யாரிலயும் ஒரே சன்னம் ஒரே மாதிரி நடக்காது. தூரத்துக்கெண்டு செய்த மென்மையான சன்னத்தைக் கிட்டத் தோளெலும்பில அடிச்சால் இறைச்சி முழுக்கச் சிதறும். ஆகவே எங்க நிண்டு சுடப்போறாய் எண்டதையும் சொல்லவேணும், மருமோன்.

"மட்ச்" எண்டு எழுதின பெட்டியளைப் பாத்தும் ஏமாறவேண்டாம். கடதாசியில குறி சுடுறதுக்குச் செய்தது அது. நுனியில இருக்கிற சின்ன ஓட்டையைப் பாத்து விரியும் எண்டு நினைக்கிறவை இருக்கினம், அந்த ஓட்டை செய்முறையால வாறது.

இனி, கடைத் தோட்டா காணுமோ, தானே மருந்து நிரப்பிச் செய்யவேணுமோ எண்ட கேள்வி. இவன்ர கூட்டாளிமார் எல்லாரும் நிரப்புற ஆக்கள், இவனைப் போட்டு அரிக்கினம். எனக்கு அதில உடன்பாடு இல்லை. இருவது வருசத்துக்கு முந்தி அது நியாயமாய் இருந்திருக்கும். இப்ப நல்ல பெட்டியளில வாற தோட்டா ஒரு சாதாரண வேட்டைக்காரன்ர கையை விடத் திறம். வேணுமெண்டது ஒரே சீரான தன்மை. முள்ளியவளையில பெரியப்பாவிட்ட ஒரு இடியன் துவக்கு இருந்தது. மருந்தைக் குழலுக்குள்ள கொட்டி இடிச்சு நிரப்புறது. பழைய தைலப் போத்தல் மூடி ஒண்டு வச்சிருந்தார், எப்பவும் அதாலதான் அளப்பார். வேற மூடியால அளந்தால் பெரியம்மாவுக்கு ஏச்சு விழும். அதே விசயம்தான் இஞ்சயும். ஒரு தோட்டாவுக்கும் மற்றதுக்கும் வேகத்தில 50 அடி வித்தியாசம் வந்தால் 500 யாரில 8 சென்ரிமீற்றர் மேல கீழ போகும், நீ எவ்வளவு நல்லாச் சுட்டாலும்.

அதால பெட்டியில பின்பக்கம் இருக்கிற லொட் நம்பரை, அதாவது ஒண்டாச் செய்த தொகுதியின்ர இலக்கத்தை, பார் எண்டு சொன்னன். ஒரே பேர், ஒரே சன்னம், ஆனால் வேற லொட் எண்டால் மருந்தும் கொஞ்சம் மாறியிருக்கலாம். பிடிச்சதைக் கண்டால் அதே லொட்டில அஞ்சாறு பெட்டி எடுத்து வை. அதுக்கு முதல் மூண்டு நாலு வகையில ஒவ்வொரு பெட்டி வாங்கி உன்ர துவக்கு எதை விரும்புது எண்டு பார். துவக்குகளுக்கும் மாமியார் மாதிரிக் குணம் இருக்கு, ஒருத்தர் சமைச்சது பிடிக்கும், மற்றவர் சமைச்சது பிடிக்காது, காரணம் கேக்கேலாது. மூண்டு வெடி வச்சிட்டு ஓட்டையள் ஒட்டிக்கிடக்கு எண்டு படம் போடுறதை நம்பாதை. பத்து வை. நாலாவது, அஞ்சாவதுதான் உண்மை பேசும்.

குழலுக்குள்ள இருக்கிற புரியும் பாக்கவேணும். நீளச் சன்னம் நிமிந்து பறக்க வேகமாச் சுழலவேணும். இவன்ரது 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து, பிரச்சினை இல்லை. சில பழைய .308களில 12 அங்குலத்துக்கு ஒரு சுத்து இருக்கு, அதுகளில 178ஐ வாங்க முதல் சுட்டுப் பாக்கவேணும்.

பெட்டியில போட்ட எண்ணும் உன்ர துவக்கின்ர எண் இல்லை. அவை அளக்கிறது வழமையா 24 அங்குலக் குழலில, இவன்ரது 22. வேகம் அளக்கிற கருவி ஒண்டை ஆரிட்டயோ இரவல் வாங்கி அளந்தவன். 2600க்குப் பதிலா 2545. அதோட குளிர். ஓகஸ்ட் மாதம் 25 பாகையில சீரோ பண்ணிப்போட்டு (ஒரு தூரத்தில குறி பிசகாமல் படுற மாதிரி ஸ்கோப் எண்ட குறிக்கண்ணாடியைத் திருத்துறது) நவம்பரில மைனஸ் 20இல சுடப் போறான். மருந்தைப் பொறுத்து இன்னும் 60, 70 அடி குறையலாம், குளிர்க் காத்து அடர்த்தியும் கூட. ஸ்கோப்பில கணக்குப் போடேக்க உண்மையான எண்ணைப் போடு எண்டு நாலு தரம் சொன்னன். 200 யாரில சீரோ பண்ணினது 500இல 50 அங்குலம் அளவில விழும், அதில பிழை விட இடமில்லை.

தூரத்தைப் பற்றி எங்கள் ரெண்டு பேருக்கும் இன்னும் சண்டை தீரேல்லை. அந்த நீளச் சன்னம் 700 யாரிலயும் விரியும் எண்டு அட்டவணை காட்டுது, அதைக் காட்டி அவன் என்னை மடக்கப் பாக்கிறான். 500 யாருக்குப் போய்ச்சேர அதுக்கு ஒரு செக்கனில மூண்டில ரெண்டு பங்கு எடுக்கும், அதுக்குள்ள மான் ஒரு அடி எடுத்து வைக்கலாம் எண்டு நான். யூரியூப்பில ஆயிரம் யாரில விழுத்திக் காட்டுறவை தவறவிட்டதைக் காட்டுறேல்லை எண்டும் சொன்னன். கடைசியா 350 எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறான். நான் 300 எண்டுதான் நிக்கிறன்.

போன கிழமை படம் வந்தது. ஆறு பெட்டி, ஒரே லொட் நம்பர், எல்லாம் 178. அரைவாசி விலைப் பெட்டி கடையிலயே விட்டாச்சு. கீழ தங்கச்சியின்ர குரல் மெசேஜ்: "அண்ணை, சீசன் துவங்கப்போகுது, பிறீசரில இன்னும் போன வருசத்து இறைச்சி கிடக்கு. ஆரும் வெளிக்கிட்டால் வறுத்த மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ குடுத்துவிடுங்கோ." இஞ்சயிருந்து எட்மன்ரனுக்கு அடுத்த மாதம் ஆரும் போறியளோ?