ஃபேர் விதிகளும் நோயாளி பதிவுகளும்

ஃபேர் (FAIR) என்பது ஆய்வுத் தரவை மற்றவர்கள் கண்டுபிடித்து, பெற்று, பிற தரவோடு இணைத்து, மீண்டும் பயன்படுத்தும்படி வைப்பதற்கான கோட்பாடுகள். “ஃபேர் விதிப்படி நோயாளிகளின் பதிவுகளைக்கூட இணையத்தில் போட்டே ஆகவேண்டும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 2016இல் வெளியான அந்தக் கோட்பாடுகள், தரவை யார் எப்படிப் பெறலாம் என்பது தெளிவாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்கின்றன. பூட்டு போடலாம், சாவி யாரிடம் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவுத் தொகுப்பான யூகே பயோபேங்கில் சுமார் 5 லட்சம் பேரின் விவரங்கள் உள்ளன. பெயரை நீக்கிய பிறகும், விண்ணப்பித்து அனுமதி வாங்கிய ஆய்வாளருக்கே அவை கிடைக்கும். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும், 1971இல் தொடங்கிய புரத அமைப்புத் தரவு வங்கியிலோ பயனர் கணக்குகூடத் தொடங்காமல் தரவை இறக்கிக்கொள்ளலாம், அது சரி.

அப்புறம், தரவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. ஆற்றுநீர் அட்டவணையில் ‘ஈயம் 12’ என்று அலகில்லாமல் கிடந்தால் மில்லிகிராமா, மைக்ரோகிராமா என்று யாரைப் போய்க் கேட்பது?