குளிர்ந்த என்ஜினில் என்ன தெரியும்?

அர்ஜென்டினாவின் தென்கோடியில், சிலி எல்லையை ஒட்டிய ரியோ டூர்பியோ சுரங்கத்திலிருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள ரியோ காயேகோஸ் வரை ஒரு ரயில் பாதை போகிறது. சுமார் 255 கிலோமீட்டர். அகலம் 750 மில்லிமீட்டர்தான், நம் ஊட்டி ரயில் பாதையைவிடக் கால் மீட்டர் குறைவு. 1951இல் நிலக்கரிக்கென்றே போட்ட பாதை. இனி இது எதற்கு என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் அர்ஜென்டினா இந்தச் சுரங்கத்தின் பக்கமே திரும்பியது. 1994இல் அது தனியாரிடம் போனது, 2002இல் அரசிடமே திரும்பி வந்தது. 2004இல் நடந்த விபத்தில் 14 தொழிலாளர்கள் மாண்டார்கள். பிறகு சுரங்க வாசலிலேயே 240 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டினார்கள். கரியை அங்கேயே எரிப்பதென்றால் கடற்கரைக்கு ரயில் எதற்கு? அடிக்கல் நாட்டிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2025இல் அதிபர் மிலேயின் அரசு சுரங்கத்தைப் பங்கு நிறுவனமாக மாற்ற ஆணை போட்டது. பாதையின் தலையெழுத்து மட்டும் இன்னும் தொங்கலில்தான் இருக்கிறது.

நான் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது உயர்ந்த ரகக் கரியும் அல்ல. ஆனால் அந்த மட்டக் கரிதான் லிவியோ தாந்தே போர்த்தா என்ற பொறியாளரை வேலை வாங்கியது. 1956இல் ஜப்பானின் மிட்சுபிஷி செய்த நீராவி என்ஜின்கள் அந்தக் கரியில் திணறின. அடுப்பில் சாம்பல் உருகிக் கட்டிதட்டும், காற்று ஏறாது. அழுத்தி ஓட்டினால் எரியாத தூள் புகைபோக்கி வழியாகப் பறந்துவிடும். போர்த்தா அடியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து, அதோடு நீராவியைக் கலந்துவிட்டார். கரிப் படுகையின் சூடு தணிந்தது, சாம்பல் உருகவில்லை. கரியிலிருந்து கிளம்பிய வாயுவை, அடுப்பின் மேற்பகுதியில் தனியாகக் காற்று விட்டு எரித்தார். புகை வெளியேறும் அமைப்பையும் திருத்தினார். 700 குதிரைத்திறன் அளவில் இருந்தது 1200ஐத் தொட்டது. அந்த ஒற்றையடிப் பாதையில் 1700 டன் ரயில்கள் ஓடின! மேற்கிலிருந்து அடிக்கும், பட்டகோனியா என்ற அந்தத் தென்கோடிப் பகுதியின் காற்று சுமையோடு போகும்போது முதுகில் தள்ளும், காலியாகத் திரும்பும்போது முகத்தில் அறையும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் டீசல் வந்து நீராவியை ஓரங்கட்டியது. இரண்டு என்ஜினுக்குப் பெயிண்ட் அடித்து அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. போர்த்தாவின் திறமை முழுவதும் தீயில் இருக்கிறது. குளிர்ந்த இரும்பைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அதற்காக 255 கிலோமீட்டரையும் காப்பாற்று என்று கேட்பது பேராசை. ஆளரவமற்ற புல்வெளியில் அத்தனை தூரத்துக்கும் தண்டவாளத்தின் அடிக்கட்டைகளை மாற்ற யார் பணம் கொடுப்பார்கள்? சுரங்கத்தை ஒட்டிய சில கிலோமீட்டர், ஓடுகிற நிலையில் ஓர் என்ஜின், அதில் தீ மூட்டி ஓட்டத் தெரிந்தவர்களிடம் பழகும் நாலு இளைஞர்கள். இதை மாகாணச் சுற்றுலாக் கணக்கில் எழுதட்டும். பெரிட்டோ மொரேனோ பனியாற்றைப் பார்த்துவிட்டுச் சிலியின் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எப்படியும் அந்த வட்டாரத்தைக் கடந்துதான் போகிறார்கள்.