கிளிப் போடச் சொன்னது திமிரா?

கொடைக்கானல் ஏரியில் எடுத்த அந்தப் படகு வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு, கிளிப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். "நாலு பேரும் கிளிப்பைப் போட்டாத்தான் படகு நகரும்" என்று துடுப்பைக் கீழே வைத்துவிட்டார் அந்தப் படகுக்காரர். அதற்கு அவருக்குத் திமிராம், வந்தவர்களை மதிக்கத் தெரியாதாம். இரண்டு நாளாகக் கமெண்டுகளைப் படித்துப் படித்து மனசு ஆறவில்லை. அவர் செய்தது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டால் அணிந்ததாகிவிடாது. தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே எழும்பும், உடம்பு கீழே இறங்கும். கிளிப் இல்லையென்றால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும். பெரியவர் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த 3 முதல் 5 கிலோ தாங்குசக்தி இருந்தால் போதும். நல்ல ஜாக்கெட் அதற்கு மேலேயே தாங்கும், உடம்போடு ஒட்டியிருந்தால்.

சரிபார்க்க அரை நிமிடம் ஆகுமா? எல்லாக் கிளிப்பையும் போட்டு, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, அப்புறம் மேலே உள்ளவற்றை இறுக்குங்கள். பக்கத்தில் இருப்பவரை ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடைக்கு மேல் ஏறினால் தளர்வாக இருக்கிறது, இல்லையேல் அளவு பெரிது. குழந்தைக்கு வயதைப் பார்த்து எடுக்காதீர்கள். ஜாக்கெட்டின் உள்பக்க லேபிளில் போட்டிருக்கும் எடையைப் பாருங்கள். சின்னக் குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டை கட்டாயம். அது இல்லையென்றால் பிள்ளை கீழ்வழியாக நழுவிவிடும். பெரியவர் ஜாக்கெட்டுக்குள் நாலு வயதுப் பிள்ளையை நிறுத்தி, அழகாக இருக்கிறதென்று படம் எடுப்பதைப் படகுத்துறையில் நிற்கும் எவரும் பார்க்கலாம். எனக்கு வயிறு கலங்கும்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கு: ஊர்க் கிணறு வேறு, கொடைக்கானல் ஏரி வேறு. அது 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த நொடி வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த ஓரிரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஸ்வெட்டரும் ஜீன்ஸும் நனைந்து கனக்கும், கரையோரக் கொடிகள் காலைச் சுற்றும். அந்த நேரத்தில் நீச்சலடிக்கவே வேண்டாம். ஜாக்கெட்டை நம்பி மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். படகு கவிழ்ந்திருந்தால் அதை விடாமல் பிடித்திருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று கிளம்பாதீர்கள்.

"ஜாக்கெட் நாறுகிறது, ஈரமாக இருக்கிறது." உண்மை. பல இடங்களில் துவைப்பதே இல்லை. பஞ்சு அமுங்கிப்போனது, கிளிப் உடைந்தது எல்லாம் அதே குவியலில்தான் கிடக்கும். வேறொன்று கேளுங்கள், சண்டை போட்டாவது வாங்குங்கள். அதற்காகப் போடாமல் உட்காருவது என்ன நியாயம்?

2009 செப்டம்பர் 30 மறந்துவிட்டதா? தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொன்னார்கள். அது மாடி வைத்த பெரிய படகு. நாலு பேர் போகும் துடுப்புப் படகில் ஒருவர் செல்ஃபிக்கு எழுந்து நின்றாலே போதும். இடம் மாறி உட்கார வேண்டுமென்றால் கரைக்கு வந்து மாறுங்கள்.

"சொல்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதே" என்று ஒரு நண்பரும் எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் ரொம்ப வருத்தப்பட்டேன். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒவ்வொரு படகுக்கும் அதே வார்த்தையைச் சொல்கிறவர் அவர். "நீ துடுப்பைப் போடு, போதும்" என்று பதில் வாங்குகிறவரும் அவர்தான். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் யார் சட்டையைப் பிடிப்போம்? அந்த வீடியோவைக் கடைசிவரை பாருங்கள். நாலு பேரும் கிளிப் போட்ட பிறகு, அந்தச் சின்னப் பெண்ணின் பட்டையை அவரே குனிந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறார்.