கும்பிட்ட கைகளுக்கு லைக் போட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் திரும்பவும் சொல்லப் போவதில்லை. எங்கள் ஆலயப் பணியாளர் சபைக் கூட்டத்தில் கைகூப்பி மன்னிப்புக் கேட்ட வீடியோ வராத வாட்ஸ்அப் குழுவே வேலூரில் இல்லை. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் நேரிலேயே இருந்தேன் என்பது நான்கு பேருக்கும் தெரியாது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்னை உறுத்துவது அந்த வீடியோவுக்கு மேலே யாரோ எழுதியிருந்த வரி. "இதுதான் மெய்யான தாழ்மை. பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்." கூடவே கும்பிடும் கை பொம்மை மூன்று. நேற்று இரவு பார்த்தபோது முந்நூற்றுச் சொச்சம் லைக்.

முப்பது வருஷமாக மணி அடித்து, பெஞ்சு துடைத்து, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைக்கும் பெரியவர் அவர். மருமகள் எழுந்து அவருடைய ஏழு மாதச் சம்பளப் பாக்கியைக் கேட்டுவிட்டாள். அதற்காக மாமனார் கமிட்டியார் முன்னால் கைகூப்பி, "தப்பாயிடுச்சுங்க ஐயா, சின்னப் பொண்ணு, தெரியாம பேசிடுச்சு" என்கிறார். இது தாழ்மையாம். இல்லை சார், இது பயம். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ஒற்றை அறையும் போய்விடுமோ என்ற பயம். பயத்துக்கும் தாழ்மைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் லெந்து என்கிற தவக்காலம் முழுக்க நமக்குத் தாழ்மையைப் போதிக்கிறார்கள்.

தாழ்வது வேறு, தாழ்த்தப்படுவது வேறு. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னது "தன்னைத்தான் தாழ்த்துகிறவன்". அந்தத் 'தன்னைத்தான்' எங்கே போயிற்று? மைக் கையில் இருக்கிறவர் இல்லாதவரைத் தாழ்த்துவதற்கு அந்த வசனத்தில் இடமே இல்லை.

இன்னொன்று. யோவான் 13-இல் சீஷர்களின் கால்களைக் கழுவும் இடத்தை எல்லோரும் பிரசங்கிப்போம். அதற்கு முந்தின வசனத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்துக்கே போகிறவர் என்று அறிந்துதான் அவர் பந்தியை விட்டு எழுந்திருக்கிறார், சீலையைக் கட்டிக்கொள்கிறார். தான் யார் என்று தெரிந்தவரால் குனிய முடிகிறது. குனிந்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம் ஆட்களுக்கோ நாற்காலியில் துண்டு போட்டு வைக்காவிட்டால் தாம் யார் என்பதே மறந்துவிடுகிறது.

இப்படிக் குனிவது நம் ஊருக்குப் புதுசா என்ன? 1946-இல் வேலூருக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்டு. தொழுநோய் வந்தால் விரலும் பாதமும் தானாகவே அழுகி விழும் என்று நம்பியிருந்த காலம். பக்கத்தில் போகவே ஆட்கள் யோசிப்பார்கள். அவர் அந்தப் பாதங்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி செத்துப்போனதால் ஆணி குத்தினாலும் நெருப்புச் சுட்டாலும் தெரியாமல், அதே புண்ணின் மேலேயே நடந்து நடந்து பாதம் போகிறது என்று கண்டார். அதற்கப்புறம்தான் மிருதுவான எம்.சி.ஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பெல்லாம் வந்தது. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள், அந்த வேலை இன்றும் நடக்கிறது. கவனியுங்கள், அங்கே குனிந்தது டாக்டர். நோயாளியைக் குனியச் சொல்லவில்லை.

என் நைனா உபதேசியார், கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் ஐந்து கிராமம், ஒரு சைக்கிள். பாலாற்று மணலில் வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு போவார். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ஞாயிறு காணிக்கையில் பதினோரு ரூபாய் குறைந்தது. பை பிடித்த பையனைச் சபை நடுவிலேயே கேட்டுவிட்டார். பையன் அழுதான். புதன்கிழமை ராத்திரி அம்மா கீர்த்தனைப் புத்தகத்தைத் தட்டியபோது பணம் கீழே விழுந்தது. நைனாவேதான் வைத்து மறந்திருக்கிறார். "பையனைத் தனியா கூப்ட்டு சொல்லிடுங்க, போதும்" என்றாள் அம்மா. "நாலு பேர் முன்னாடி கேட்டேன். நாலு பேர் முன்னாடிதான் சொல்லணும்" என்றார். அடுத்த ஞாயிறு சொன்னார். பத்து வயசுப் பையனிடம், "தம்பி, தப்பு என்னுது, மன்னிச்சுக்கோ" என்று. பையன் வெட்கப்பட்டு அவன் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். எனக்கு மானம் போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் கிண்டல்.

ஆனால் அதற்குப் பிறகு வரப்புத் தகராறு என்றால், ஆலயத்துக்கே வராதவர்கள்கூட நைனாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "உபதேசியார் சொன்னா சரியா இருக்கும். தப்பா இருந்தா அவரே ஒத்துக்குவாரு." தாழ்மை பலம் என்று நான் கற்றது எந்த வேதபாடக் கல்லூரியிலும் இல்லை, அங்கேதான்.

சரி, கேள்விகள் வரும். "சபை விஷயத்தைச் சந்திக்கு இழுக்கலாமா?" வீடியோ போட்டது நான் இல்லை, நன்றி.

"பவுலே தாழ்மையைப் பற்றி எழுதினாரே, நீ பவுலை விடப் பெரியவனா?" எழுதினார், பிலிப்பியருக்கு. அதே பிலிப்பி பட்டணத்தில் அவரை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினபோது, அதெல்லாம் முடியாது, அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அப்போஸ்தலர் 16. தாழ்மையைப் பற்றி எழுதிய அதே கைதான். நியாயம் கேட்ட மருமகளைப் பார்த்து "உட்காரும்மா, தாழ்மையுள்ளவர்களுக்குத்தான் கிருபை" என்று யாக்கோபு நிருபம் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துவிட்ட அண்ணன், அடுத்த அதிகாரத்தையும் புரட்டியிருக்கலாம். அங்கே பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. வேலைக்காரன் மட்டும் இல்லை, கூலியே கத்துகிறது. அன்றைக்கு அது கத்தியபோது நாம் "ஆமென்" சொன்னோம்.

"உனக்குத் தாழ்மை இருக்கிறதா?" இல்லை. இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதுவேனா?

கடைசியாக ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: "நீங்க மூணாவது பெஞ்சுலதானே இருந்தீங்க, ஏன் எழுந்திருக்கல?" இரண்டு நாளாக அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை ஐயாயிரத்துக்கு எடுத்தவன் நான். கை தட்டினார்கள், கையாட்டினேன். பெரியவர்தான் அதைத் தோளில் சுமந்து வந்து என் ஸ்கூட்டரில் கட்டிக் கொடுத்தார். அவருடைய ஒரு மாதச் சம்பளம் அந்தத் தாருக்குக் காணாது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஞாயிறன்று அவர் கைகூப்பினபோது என் கண்ணைத்தான் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே, "இன்னா சார், வாழப்பழம் நல்லா இருந்துச்சா?" என்றார். மருமகள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

மாதம் ரூ.4,500. 7 மாதம். ரூ.31,500. கமெண்டில் வசனம் போடப் போகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். கூடவே, எந்தத் தேதியில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் போடுங்கள்.